முன் நீரிழிவு நிலையில் கண்ணைக் காக்க: எதை முதலில் செய்வது, மசாலாப் பொருட்களை எந்த அளவில் நம்புவது

எனது இரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி (கடந்த சுமார் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு) 6.1 என்று வந்தபோது, "சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை, உணவில் கவனமாக இருங்கள்" என்று மட்டுமே சொல்லி அனுப்பினார்கள். நானும் மஞ்சள் மாத்திரையும் பட்டைப் பொடியும் வாங்கி வைத்துக்கொண்டு, கண்ணுக்கும் சேர்த்து அவை காவலிருக்கும் என்று நம்பி ஏழு மாதங்களைக் கழித்தேன். பிறகு விழித்திரையைச் சோதித்தபோது வலது கண்ணில் மிக நுண்ணிய இரத்தநாளப் புடைப்பு ஒன்று தெரிந்தது; அதே வாரத்தில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகளும் உயர்ந்திருந்தன. இரண்டும் திருத்திக்கொள்ளக்கூடிய கட்டத்திலேயே பிடிபட்டன. ஆனால் நான் முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியிலும், கடைசியில் செய்ய வேண்டியதை முதலிலும் செய்திருந்தேன். உங்களுக்கு இப்போதுதான் இந்த நிலை தெரியவந்திருக்கிறது என்றால், கீழே உள்ள வரிசையிலேயே செல்லுங்கள்.

1. எண்களை உறுதி செய்துகொள்ளுங்கள்

அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் அளவுகோலின்படி, எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 சதவீதம் வரை, அல்லது வெறும் வயிற்றில் சர்க்கரை 100 முதல் 125 மில்லிகிராம் வரை, அல்லது 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140 முதல் 199 வரை இருந்தால் அது முன் நீரிழிவு. உலக சுகாதார நிறுவனம் வெறும் வயிற்று அளவுக்கு 110-ஐத் தொடக்கமாக வைத்திருப்பதால், ஒரே அறிக்கையை ஒருவர் "இயல்பு" என்றும் இன்னொருவர் "முன் நீரிழிவு" என்றும் சொல்லக்கூடும். அதைக் கண்டு குழம்ப வேண்டாம்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. எச்பிஏ1சி என்பது சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரையின் அளவு என்பதால், சிவப்பணுவின் ஆயுள் மாறினால் இந்த எண்ணும் மாறிவிடும். இரும்புச் சத்துக் குறைவால் வரும் இரத்த சோகையில் அது உண்மையைவிடக் கூடுதலாகவும், சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் நோய்களிலும் அண்மையில் இரத்தம் இழந்தவர்களுக்கும் குறைவாகவும் காட்டலாம். ஆகவே ஹீமோகுளோபின் அளவையும் வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் உடன் எடுத்துக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தம், கொழுப்பு, கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றுக்கான அடிப்படைப் பரிசோதனைகளையும் அதே முறை இரத்தம் கொடுக்கும்போதே முடித்துவிட்டால், தனித்தனியாக எடுக்கும் செலவும் அலைச்சலும் மிச்சமாகும். பின்னால் மசாலாப் பொருட்களைப் பற்றி முடிவெடுக்கும்போது இந்தக் கல்லீரல் அறிக்கை கட்டாயம் தேவைப்படும்.

2. ஒரு கோப்பு தயார் செய்யுங்கள்

முதல் முறை கண் மருத்துவரிடம் நான் வெறுங்கையோடு போனேன். பழைய கண்ணாடிச் சீட்டு எங்கே, என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், கடைசி எச்பிஏ1சி எப்போது எடுத்தது என்று கேட்டார்கள்; ஒன்றுக்கும் ஒழுங்கான பதில் என்னிடம் இல்லாததால் இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். நீங்கள் எடுத்துச் செல்ல வேண்டியவை: கடைசி இரண்டு இரத்தப் பரிசோதனை அறிக்கைகள், இரத்த அழுத்தக் குறிப்பு, பழைய கண்ணாடிச் சீட்டும் கண்ணாடியும், காப்பீடு இருந்தால் அதன் அட்டை, எல்லாவற்றுக்கும் மேலாக நீங்கள் உட்கொள்ளும் அனைத்தின் பட்டியல். அந்தப் பட்டியலில் மருத்துவர் எழுதித் தந்த மருந்துகளோடு, கடையில் நீங்களாகவே வாங்கிய மூலிகை மாத்திரைகள், பொடிகள், கஷாயங்கள் ஆகியவற்றின் பெயரும் அளவும் இருக்க வேண்டும். இவற்றை மருந்தாகக் கருதாமல் பலரும் விட்டுவிடுகிறோம், நானும் விட்டுவிட்டேன்.

3. விழித்திரைப் பரிசோதனையைக் கேட்டுப் பெறுங்கள்

இரண்டாம் வகை நீரிழிவு உறுதியான நாளிலேயே விழித்திரையைப் பார்க்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட நெறி. முன் நீரிழிவுக்கு அப்படி எல்லோருக்கும் பொதுவான விதி கிடையாது. அதனால் பெரும்பாலும் யாரும் உங்களை அனுப்பமாட்டார்கள். நீங்களே கேட்க வேண்டியிருக்கும். இந்தக் கட்டத்திலேயே பார்க்க வேண்டுமா என்று யோசிப்பவர்களுக்கு ஒரு தகவல்: அமெரிக்காவில் நடந்த நீரிழிவுத் தடுப்புத் திட்ட ஆய்வில், சர்க்கரை நோய் இன்னும் வராத முன் நீரிழிவுக்காரர்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு விழித்திரையில் அந்நோய்க்குரிய மாற்றங்கள் ஏற்கெனவே தென்பட்டன.

நேரம் குறிக்கும்போது "கண் பரிசோதனை" என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் எழுத்துப் பலகையைப் படிக்க வைத்து, கண்ணாடிக்கு அளவு எழுதி அனுப்பிவிடக்கூடும். எழுத்தெல்லாம் தெளிவாகத் தெரியும் கண்ணிலும் விழித்திரை பழுதுபட்டிருக்கலாம். "சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்க்க வேண்டும்" என்று முழுமையாகச் சொல்லுங்கள்.

அன்று நடப்பது இதுதான். பார்வைத் திறனையும் கண் அழுத்தத்தையும் அளந்த பிறகு சொட்டு மருந்து விடுவார்கள். முதலில் சற்று எரியும். இருபது, முப்பது நிமிடங்களில் கண்மணி விரிந்து, கையிலிருக்கும் காகிதத்து எழுத்து கலங்கிவிடும். பிறகு தாடையை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி, பிரகாசமான ஒளியைக் கண்ணுக்குள் செலுத்திப் பார்ப்பார்கள். படமும் எடுத்தால் திரையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டமும், மரக்கிளைகளைப் போலப் பிரிந்து செல்லும் இரத்தநாளங்களும் தெரியும். என் படத்தில், ஒரு கிளையின் முனைக்கருகே ஊசி முனையளவு சிவப்புப் புள்ளி ஒன்று இருந்தது. மருத்துவர் விரல் வைத்துக் காட்டியிராவிட்டால் நான் அதைக் கவனித்தே இருக்கமாட்டேன், அத்தனை சிறியது. பார்வையில் எந்தக் குறையும் அப்போது எனக்கு இல்லை.

விரிந்த கண்மணி இயல்புக்குத் திரும்பப் பல மணி நேரம் ஆகும், சிலருக்கு மறுநாள் வரையும் ஆகலாம். வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள், கறுப்புக் கண்ணாடியும் எடுத்துச் செல்லுங்கள், அன்று படிக்கவோ கையெழுத்திடவோ வேண்டிய வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். கண் அழுத்த நோய் உங்களுக்கோ குடும்பத்தில் யாருக்கோ இருந்தாலும், சொட்டு மருந்துகள் முன்பு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வெளியே வரும் முன் படத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். நான் முதலில் சென்ற இடத்தில் படம் எடுத்தார்கள், கையில் தரவில்லை. பிறகு கேட்டபோது கிடைக்கவும் இல்லை. அடுத்த ஆண்டு வேறோர் இடத்தில் காட்டியபோது, பழைய புள்ளி அப்படியே இருக்கிறதா, பெருகியிருக்கிறதா என்று ஒப்பிட வழியில்லாமல் போய்விட்டது. விழித்திரை விஷயத்தில் ஒரு படத்தைவிட இரண்டு படங்களுக்கு இடையிலான வேறுபாடுதான் அதிகம் சொல்லும்.

4. செலவை முன்கூட்டியே கேளுங்கள்

கண்மணியை விரித்து மருத்துவர் நேரில் பார்ப்பதே அடிப்படைப் பரிசோதனை. படம் எடுப்பதற்குத் தனிக் கட்டணம் இருக்கலாம். விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும் ஓசிடி ஸ்கேன் பெரும்பாலும் அதைவிடக் கூடுதல். விழித்திரையின் மையத்தில் வீக்கம் இருக்கிறதா என்ற ஐயம் எழுந்தால் ஓசிடி மிகவும் பயன்படும். அப்படி ஒன்றும் தென்படாதபோது, "இது எதற்காக?" என்று நீங்கள் கேட்பதில் தவறில்லை. காப்பீடு உள்ளவர்கள், கண்ணாடிக்கான சோதனையும் நோய்க்கான சோதனையும் தங்கள் திட்டத்தில் ஒன்றாகக் கருதப்படுகின்றனவா என்பதை எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தவிர்க்கக்கூடிய செலவு ஒன்று உண்டு. சர்க்கரை ஏறி இறங்கும் காலத்தில் கண்ணின் வில்லையும் நீர் கோத்து வடிவம் மாறும். பார்வை சில வாரங்கள் மங்கலாகவும் பிறகு தெளிவாகவும் இருக்கும். அந்த நேரத்தில் அவசரப்பட்டு நான் செய்துகொண்ட கண்ணாடி, இரண்டு மாதத்திலேயே பொருந்தாமல் போனது. சர்க்கரை நிலைப்பட்டுச் சில வாரங்கள் ஆன பிறகு கண்ணாடிக்கு அளவெடுங்கள்.

5. மசாலாப் பொருட்களுக்கு உரிய இடத்தைக் கொடுங்கள்

எந்த மசாலாப் பொருளும் மனிதர்களில் விழித்திரைப் பாதிப்பைத் தடுத்ததாக இதுவரை நிறுவப்படவில்லை. இதை மனதில் இருத்திக்கொண்டு மேலே படியுங்கள். விழித்திரையைக் காப்பதில் உறுதியான பங்கு வகிப்பவை சர்க்கரைக் கட்டுப்பாடும் இரத்த அழுத்தக் கட்டுப்பாடும். மேலே சொன்ன நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தின் 2002ஆம் ஆண்டு முடிவுகளில், உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பதும் வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சி செய்வதும் சர்க்கரை நோய் வருவதை 58 சதவீதம் குறைத்தன. சர்க்கரையைக் குறைக்கும் மெட்ஃபார்மின் மருந்து 31 சதவீதம் குறைத்தது. மசாலாப் பொருட்கள் இந்த வேலைக்குத் துணை நிற்கலாம்; அதன் இடத்தைப் பிடிக்க முடியாது.

அப்படியென்றால் ஏன் பேச வேண்டும்? கூடுதல் சர்க்கரை கண்ணின் வில்லைக்குள் சார்பிட்டால் என்ற பொருளாக மாறித் தேங்குவது, புரதங்களோடு ஒட்டிக்கொள்வது, ஆக்சிஜனேற்ற அழுத்தத்தையும் அழற்சியையும் கூட்டுவது என்ற வழிகளில்தான் கண் பழுதாகிறது. மஞ்சள், இஞ்சி, பட்டை முதலியவற்றிலுள்ள சேர்மங்கள் இதே வழிகளில் குறுக்கிடுவதை ஆய்வகத்திலும் விலங்குகளிலும் கண்டிருக்கிறார்கள். ஆனால் அதே ஆய்வுகளில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், காலக்டோஸ் என்ற சர்க்கரையை ஊட்டிக் கண்புரை வரவழைத்த எலிகளின் உணவில், மஞ்சளிலுள்ள குர்குமின் என்ற சேர்மத்தை 0.002 சதவீதம் சேர்த்தபோது புரை தாமதமானது, அதையே 0.01 சதவீதமாகக் கூட்டியபோது புரை முதிர்வது விரைவானது. கொஞ்சம் நல்லது என்றால் நிறைய இன்னும் நல்லது என்று நினைத்து மாத்திரைக்குத் தாவிய எனக்கு, இந்த ஒரு முடிவு முன்பே தெரிந்திருந்தால் போதுமானதாக இருந்திருக்கும்.

மஞ்சள். தாய்லாந்தில் 240 முன் நீரிழிவுக்காரர்களிடம் நடத்தி 2012இல் வெளியான சோதனையில், ஒன்பது மாதம் குர்குமின் சாறு எடுத்தவர்களில் ஒருவருக்கும் சர்க்கரை நோய் வரவில்லை. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 16.4 சதவீதம் பேருக்கு வந்தது. மாத்திரை விற்பவர்கள் இதைத்தான் காட்டுவார்கள். ஆனால் அங்கே கொடுத்தது நாளொன்றுக்கு ஒன்றரை கிராம் செறிவூட்டிய சாறு. மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான் என்பதால், அந்த அளவைச் சமையலில் எட்ட ஏறத்தாழ 50 கிராம் மஞ்சள் வேண்டும். ஆகவே சமையல் மஞ்சளிடம் அந்தப் பலனை எதிர்பார்க்கவும் முடியாது, ஒரே ஒரு சோதனையை நம்பி மாத்திரைக்குப் போகவும் கூடாது. சமையலில் நாளொன்றுக்கு அரைத் தேக்கரண்டி, கொழுப்பும் சிறிது மிளகும் சேர்ந்த உணவில் என்பதே நான் இப்போது கடைப்பிடிப்பது.

மிளகு. இதிலுள்ள பைப்பரின், குர்குமின் உடலில் சேர்வதைப் பல மடங்கு கூட்டுகிறது. 1998இல் வெளியான ஆய்வொன்றில் 20 மில்லிகிராம் பைப்பரின் மனிதர்களிடம் அதை 20 மடங்காக்கியது. சமையலில் இது நன்மையே. மாத்திரையிலோ இதே பண்பு, நீங்கள் சாப்பிடும் பிற மருந்துகளின் அளவையும் இரத்தத்தில் உயர்த்திவிடக்கூடும். செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளால், குறிப்பாகப் பைப்பரின் கலந்தவற்றால், கல்லீரல் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. நான் வாங்கியதும் அந்தக் கலவைதான். நிறுத்தி ஆறு வாரத்தில் நொதிகள் இயல்புக்குத் திரும்பின. பித்தப்பைக் கல் உள்ளவர்களும் இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் இவ்வகை மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

பட்டை. இதில் எந்தப் பட்டை என்பதே முக்கியம். இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். காசியா பட்டை தடிமனாக, ஒரே அடுக்காகச் சுருண்டு, விரலால் உடைக்க வராத அளவு கெட்டியாக இருக்கும். சிலோன் பட்டை எனப்படும் சுருள் பட்டை, மெல்லிய தாள்களைப் பல அடுக்காகச் சுருட்டியது போல் இருக்கும், அழுத்தினால் நொறுங்கும், மணமும் மென்மையானது. காசியாவில் கூமரின் என்ற, கல்லீரலுக்கு ஒவ்வாத பொருள் கணிசமாக உண்டு. சுருள் பட்டையில் மிகச் சொற்பம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு, நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் கூமரின். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது ஏறத்தாழ 2 கிராம் காசியா பொடியிலேயே எட்டிவிடக்கூடும். பொடியாக வாங்கினால் எது என்று கண்ணால் பிரித்தறிய முடியாது. அன்றாடம் சேர்ப்பதாக இருந்தால் சுருள் பட்டையை முழுதாக வாங்கிப் பொடித்துக்கொள்ளுங்கள். விலை கூடுதல் என்றாலும் இங்கே அந்தச் செலவு தகும். சர்க்கரை கலந்த பட்டைப் பொடியும் விற்பனைக்கு வருகிறது. அட்டையைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

வெந்தயம். சர்க்கரையைப் பொறுத்தவரை எனக்கு அதிக நம்பிக்கை தருவது இதுதான். இதன் கரையும் நார்ச்சத்து குடலில் கூழாகி, மாவுச்சத்து செரித்துச் சர்க்கரையாக இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்துகிறது. ஒரு தேக்கரண்டியில் தொடங்கி மெதுவாகக் கூட்டுங்கள். ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பும், போக்கும் உண்டாகும். அந்தக் கூழ் மருந்துகளையும் பிடித்துவைக்கக்கூடும் என்பதால் மாத்திரைக்கும் வெந்தயத்துக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது விடுங்கள். கர்ப்பிணிகள் மருந்தளவில் எடுக்கக் கூடாது. கொண்டைக்கடலை, நிலக்கடலை ஒவ்வாதவர்களுக்கு இதுவும் ஒவ்வாமல் போகலாம்.

இஞ்சி, பூண்டு, சீரகம் ஆகியவற்றைச் சமையல் அளவில் தாராளமாகச் சேருங்கள். இவற்றின் உண்மையான பயன், உப்பையும் எண்ணெயையும் குறைத்த உணவைச் சுவையோடு உண்ண வைப்பது என்பதே என் எண்ணம். உப்பு குறைந்தால் இரத்த அழுத்தம் குறைகிறது. அது விழித்திரைக்கு நேரடி நன்மை. ஆகவே உப்பு கலந்த ஆயத்த மசாலாப் பொடிகளை விட்டுவிட்டுத் தனித்தனியாக வாங்குங்கள். மஞ்சள் தூளில் நிறத்துக்காக ஈயக் குரோமேட் கலப்பதும், பட்டைப் பொடியில் ஈயம் இருந்ததும் பல முறை கண்டறியப்பட்டுள்ளன. முழுதாக வாங்கி அரைத்துக்கொள்வது அந்த ஆபத்தை ஓரளவு குறைக்கலாம்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மஞ்சள் நீர், இஞ்சிச் சாறு, தேன் என எதையும் கண்ணுக்குள் விடாதீர்கள். கருவிழி புண்ணாகவும் தொற்று ஏற்படவும் அது வழி. விழித்திரை வரை எதுவும் போய்ச் சேராது.

6. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாது. முதல் மாதம் நடையும் உணவளவும், அடுத்த மாதம் வெந்தயம், அதன்பின் பட்டை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, தேதி, பொருள், அளவு ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சர்க்கரையைக் குறைக்கும் மருந்து ஏற்கெனவே எடுப்பவர்கள், சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கக்கூடும் என்பதால் மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும்.

7. மறுபரிசோதனைக்கான நாட்கள்

சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாட்கள். ஆகவே எச்பிஏ1சியை மூன்று மாதத்துக்குள் மறுபடி எடுப்பதால் பணம்தான் வீணாகும்; ஆறாவது வாரத்தில் எடுத்துப் பார்த்து, மாறவில்லையே என்று நான் மனம் தளர்ந்தது அப்படித்தான். மாற்றங்களைத் தொடங்கி மூன்று மாதம் கழித்து ஒருமுறையும், அளவு நிலைப்பட்ட பின் குறைந்தது ஆண்டுக்கு ஒருமுறையும் எடுங்கள். விழித்திரை சுத்தமாக இருந்தால் அடுத்து எப்போது வர வேண்டும் என்று மருத்துவரிடமே கேட்டுத் தேதியோடு குறித்து வாங்குங்கள். புள்ளி ஏதேனும் இருந்தால் அவர் சொல்லும் இடைவெளியை ஒரு மாதம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். எச்பிஏ1சி 6.5-ஐத் தொட்டு, மறுமுறை எடுத்தும் அது உறுதியானால், முந்தைய கண் பரிசோதனை எப்போது நடந்திருந்தாலும் விழித்திரையைப் புதிதாகப் பார்க்க வேண்டும். கர்ப்பம் தரித்தால், கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை நோய் இருந்தவர்களுக்குரிய கண் கண்காணிப்பு உங்களுக்கும் தேவையா என்று கேளுங்கள்.

இவற்றில் எதற்கும் தேதி பார்க்கக் கூடாத நேரங்களும் உண்டு: கண்முன் திடீரெனக் கரும்புள்ளிகள் மழையாக மிதப்பது, பக்கவாட்டில் மின்னல் போல ஒளி தெறிப்பது, திரை இறங்குவது போலப் பார்வையின் ஒரு பகுதி மறைவது, ஒரு கண் பார்வை சட்டென மங்குவது. இவற்றில் ஒன்று வந்தாலும் வலி இல்லை என்று காத்திருக்காமல், கோப்பையும் பழைய படத்தையும் எடுத்துக்கொண்டு, வேறொருவர் வண்டி ஓட்ட, அன்றைக்கே கண் மருத்துவரிடம் செல்லுங்கள்.